பசிக்கும் ஒரு மாதக் கணக்கு உண்டு



நம் இல்லங்களில் வயது வந்த பெண்பிள்ளைகள் மாதந்தோறும் இரண்டு ஏச்சுகளைத் தவறாமல் கேட்கிறார்கள். ஒரு வாரம், "இப்போதுதானே சாப்பிட்டு எழுந்தாய், அதற்குள் அடுக்களையில் என்ன உருட்டுகிறாய்?" என்பது. பத்து நாள் கழித்து, "ஆக்கி வைத்ததை ஏன் அப்படியே வைத்திருக்கிறாய்? யாருக்காக ஆக்கினேன்?" என்பது. சொல்லுகின்றவரும் ஒருவரே, கேட்கின்றவளும் ஒருத்தியே. ஏசுகின்ற உம்மாவும் தம் இளமையில் இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்தவர்தாம். ஆயினும் இவ்விரண்டு ஏச்சுகளுக்கும் இடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அந்த ஒழுங்கைப் பற்றியே இம்மாதம் சிறிது பேசுவோம். பெண்ணின் பசி மாதம் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்குகிறது. அது நாக்கின் குற்றமுமன்று, குணத்தின் குற்றமுமன்று. ஹைளுடைய சட்டங்களை நம் பிள்ளைகளுக்கு மிகக் கவனமாகக் கற்றுக் கொடுக்கிறோம். எத்தனை நாள் கணக்கு, எப்போது குளிப்பு, எது கூடும், எது கூடாது என்றெல்லாம் அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்நாட்களில் அவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்பாரில்லை. இந்தக் குறையை நாம் நீக்கியாக வேண்டும்.

உடலில் நடப்பது என்ன?

மாதவிடாய் தொடங்கும் நாள்முதல் அடுத்த மாதவிடாய் தொடங்கும் வரையுள்ள காலத்தை ஒரு சுழற்சி என்பர். 28 நாள் என்பது கணக்குக்காகச் சொல்லப்படுவது. வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இருப்பது இயல்பே. பூப்பெய்திய பிறகு முதற்சில ஆண்டுகளில் இது இன்னும் முன்பின்னாக இருக்கும்.

சுழற்சியின் முற்பாதியில் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறுகிறது. இச்சுரப்புக்குப் பசியை அடக்கும் தன்மை உண்டு. ஆதலால் முட்டை வெளிப்படும் நாட்களையொட்டி, பெண்கள் உண்ணும் அளவு பொதுவாகக் குறைவாக இருக்கிறது. அந்நாட்களில் உடம்பு இலேசாகவும் மனம் தெளிவாகவும் இருப்பதாகப் பலர் சொல்வர்.

முட்டை வெளிப்பட்ட பின்னர் நிலைமை மாறுகிறது. அடுத்த இரண்டு வாரங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு சுரப்பு மேலோங்குகிறது. கரு தங்கினால் அதை ஏற்பதற்குக் கருப்பையின் உட்சுவர் தடித்து ஆயத்தமாகிறது. உடலின் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலும் சிறிது கூடலாம். விருந்தாளி வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் வீட்டில் உலையில் ஒரு படி அரிசி கூடுதலாகப் போடுவதில்லையா? அது போன்ற ஏற்பாடுதான் இது. விருந்தாளி வரவில்லையெனில் இரண்டு சுரப்புகளும் இறங்கிவிடுகின்றன. தடித்த உட்சுவர் கழிந்து மாதவிடாயாக வெளிப்படுகிறது.

இந்தப் பிற்பாதியில்தான், அதிலும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில்தான், பசி மிகுதியாகிறது. இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் மனம் தேடுகிறது. வயிறு உப்பிசமாக இருக்கும், மலச்சிக்கல் வரும், உடம்பில் நீர் தங்கிச் சிலருக்கு ஒரு கிலோ அளவுக்கு எடையும் கூடும். இந்த எடை கொழுப்பன்று. மாதவிடாய் வந்த சில நாட்களில் தானே இறங்கிவிடும். இதை அறியாத பெண், "நான்கு நாள் கூடுதலாக உண்டதால் பருத்துவிட்டேன்" என்று அஞ்சி, அதன்பின் பட்டினி கிடக்கிறாள். அந்தப் பட்டினியே மறுநாள் பெரும்பசியைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எவ்வளவு கூடுகிறது?

கூடும் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சிலருக்கு வேறுபாடே தெரியாது. சிலருக்கு நன்றாகவே தெரியும். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், முற்பாதியைவிடப் பிற்பாதியில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி வரை கூடுதலாக உண்பது சராசரியாகத் தெரிகிறது. நம் அடுக்களைக் கணக்கில் சொன்னால், மூன்று அல்லது நான்கு சிறிய இட்டிலிகள். அவ்வளவுதான்! இந்த நான்கு இட்டிலிக்காகத்தான் ஒரு பெண்பிள்ளையைத் தீனிக்காரி என்று பெயர் சூட்டி, அவளுடைய தம்பி தங்கையர் முன்னால் நாணவைக்கிறோம்.

பசித்தபோது உண்ணவிடாமல் ஏசப்பட்டவள் பசியை விட்டுவிடுவதில்லை, மறைத்துக்கொள்கிறாள். எல்லோரும் உறங்கியபின் சம்புடத்தைத் திறக்கிறாள். மறைவில் உண்பவள் நிதானமாக உண்பதில்லை. அளவு தெரியாமல் உண்டு, பின்பு அதற்காகத் தன்னையே வெறுக்கிறாள். தட்டில் வைத்து எல்லோர் முன்பும் கொடுத்திருந்தால் நான்கு இட்டிலியோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

நீரிழிவு உள்ள சகோதரிகள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இன்சுலின் வேலை செய்யும் திறன் சற்றே குறைவதுண்டு. ஆகவே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களில் சிலருக்கு அந்நாட்களில் இரத்தச் சர்க்கரை ஏறுகிறது. இரண்டு மூன்று மாதம் நாட்களையும் சர்க்கரை அளவையும் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினால், அவர் மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துத் தருவார்.

எதன்மேல் ஆசை?

பசி உடலிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பசி எந்தப் பண்டத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறது என்பதை ஊரும் வீடும் கற்றுக் கொடுக்கின்றன. மாதவிடாய் நெருங்கினால் சாக்லேட் கேட்பது பெண்ணின் இயற்கை என்று மேனாடுகளில் ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்நாட்டிலேயே பிறந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அத்தகைய ஆசை வருவதாகச் சொன்னார்கள். வேறு நாடுகளில் பிறந்து அங்கே வந்தவர்களிலோ ஆறில் ஒருவர் அளவுக்கே அவ்வாறு சொன்னார்கள். உடல் ஒன்றுதான், பழக்கம் வேறு. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இன்று கடைப் பொட்டலங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்த இடத்தில் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மனம் அவற்றின் பெயரையும் கற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவிலேயே 1998ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் நமக்குப் பயன்படும். மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் உள்ள பெண்களில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 1200 மில்லிகிராம் கால்சியம் மூன்று சுழற்சிகளுக்குக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவர்களுக்கு மனத்தளர்ச்சி, உப்பிசம், உணவின்மேல் வரும் அடங்காத ஆசை ஆகியவை கூடுதலாகத் தணிந்தன. இதற்காக எல்லோரும் மாத்திரைக்கு ஓட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலும் தயிரும் எள்ளும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல.

ஆனால் ஓர் ஆசையை மட்டும் நாம் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. சில பெண்பிள்ளைகள் பச்சரிசியை அள்ளி மெல்வார்கள். சிலர் பலப்பம், சுண்ணாம்புக்கட்டி, சுவரின் மண் ஆகியவற்றைத் தின்பார்கள். சிலர் நாள் முழுவதும் ஐஸ்கட்டியைக் கடிப்பார்கள். இதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்கிறோம். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பில் இத்தகைய விபரீத ஆசைகள் தோன்றுவதை மருத்துவம் நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. அப்பிள்ளைக்கு வேண்டியது அடியன்று, இரத்தப் பரிசோதனை.

தட்டு அப்படியே இருக்கும் நாட்கள்

இனி இரண்டாவது ஏச்சுக்கு வருவோம். மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு நாட்களில் பலருக்கு உணவு இறங்குவதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் அப்போது மிகுதியாக உண்டாகிறது. அடிவயிற்று வலிக்குக் காரணம் அதுவே. குமட்டலும் வயிற்றுப்போக்கும் வருவதற்கும் அதுவே காரணம். அந்நேரத்தில் கறி ஆணத்தின் வாசனையே சிலருக்கு ஒவ்வாது. கட்டாயப்படுத்துவதால் பயனில்லை. கஞ்சி, இடியாப்பம், சுக்கு மல்லித் தண்ணீர், ரசம் ஊற்றிய சோறு என்று எளியவற்றைச் சிறிது சிறிதாக, நாலைந்து வேளையாகக் கொடுக்கலாம். வலி தணிந்ததும் பசி தானே திரும்பும். அப்போது கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேயாக வேண்டும். காரணத்தைக் கேளுங்கள்.

ஒரு மாதவிடாயில் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் மாதந்தோறும் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. 80 மில்லிலிட்டருக்கு மேல் போகின்றவர்களுக்கு இழப்பு இதனினும் இரு மடங்கு. நாம் உண்ணும் இரும்பிலோ மிகச் சிறிய பங்குதான் உடம்பில் சேர்கிறது. ஆகவேதான், நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வரையறுத்தது. 

நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். ஈரலும் சுவரொட்டியும் ஆக்கினால் முதலில் ஆண்பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. சட்டியின் அடியில் மிஞ்சியது பெண்களுக்கு. இதன் விளைவை 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டிற்று. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்தியா முழுவதும் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னேறியதாகச் சொல்லப்படும் நம் தமிழ்நாட்டிலும் 53 விழுக்காட்டினருக்கு மேல். இரண்டு பெண்களில் ஒருத்தி!

முருங்கைக்கீரை, சுண்டல், கேழ்வரகு, பேரீச்சம்பழம், ஈரல், மீன், முட்டை ஆகியவற்றை அவளுக்கு உரிய பங்காக ஒதுக்குங்கள். உணவோடு எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் சேர்த்தோ உண்டால் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பது அதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது கழிந்த பின் குடிக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ரமளானின் பகல்

மாதவிடாயும் உணவும் என்று பேசும்போது நம் இல்லங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

ஹைளுடைய பெண் நோன்பு நோற்கலாகாது என்பதும், தவறிய நோன்புகளைப் பின்னர் களாச் செய்ய வேண்டும் என்பதும், தொழுகைக்குக் களா இல்லை என்பதும் நாமனைவரும் அறிந்த சட்டம். ஆனால் ரமளானில் நம் வீடுகளில் நடப்பது யாது? நோன்பு இல்லாதவளைச் சஹருக்கு எழுப்புவதில்லை. விடிந்தபின் அடுப்பு மூட்டுவதில்லை. அஸர் வரை அடுக்களை ஓய்ந்து கிடக்கிறது. அவளாகச் சென்று எதையேனும் எடுத்து உண்ணலாமென்றால், வாப்பா இருக்கிறார், காக்கா இருக்கிறார், நாணமாக இருக்கிறது. ஆகவே அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மஃரிப் வரை இருந்துவிடுகிறாள். நோன்பாளிகள் சஹரில் உண்டவர்கள். இவளோ முந்திய இரவில் உண்டவள். நோன்பு நோற்றவர்களைவிட நோன்பு இல்லாதவள் நெடுநேரம் பட்டினி கிடக்கிறாள். இரத்தம் போகின்ற நாளில், வலியோடு, நன்மையும் இல்லாத ஒரு பட்டினி. இதை மார்க்கம் அவள்மீது சுமத்தவில்லை, நாம்தான் சுமத்தியிருக்கிறோம்.

மார்க்கம் காட்டிய வழி வேறு. மாதவிடாய் வந்த பெண்ணோடு அமர்ந்து உண்ணாத வழக்கம் அன்றைய மதீனாவில் சிலரிடம் இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழக்கத்தை ஏற்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஹைளோடிருந்தபோது அருந்திய பாத்திரத்தை வாங்கி, அவர்கள் வாய்வைத்த இடத்திலேயே தம் வாயையும் வைத்து அருந்தினார்கள். அவர்கள் கடித்த இறைச்சித் துண்டை வாங்கி அவர்கள் கடித்த இடத்திலேயே உண்டார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அந்நாட்களில் ஒரு பெண் உண்ண வேண்டும், அதுவும் ஒதுக்கப்படாமல் உண்ண வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேறென்ன வேண்டும்?

நோன்பாளிகள் நடுவே அமர்ந்து உண்ணட்டும் என்று சொல்ல வரவில்லை. நாணம் நமக்கு அழகுதான். ஆனால் நாணத்தின் பெயரால் பசி கூடாது. சஹர் ஆக்கும்போதே அவளுக்குரிய பங்கை எடுத்து மூடி வையுங்கள். உண்பதற்கு ஓர் அறையைக் காட்டுங்கள். பகலில் தண்ணீர் குடித்தாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "உனக்கு இன்று ஏன் நோன்பில்லை?" என்று அக்காமார்களைக் கேட்கும் ஆண்பிள்ளைகளுக்கு, அது கேட்கத் தகாத கேள்வி என்பதை அத்தாமார்களே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

களா நோன்பைப் பற்றியும் ஒரு யோசனை. பெருநாட்கள் போன்ற நோன்பு நோற்கக் கூடாத நாட்கள் நீங்கலாக, அடுத்த ரமளானுக்குள் நமக்கு வசதியான நாட்களில் அதை நிறைவேற்றிக்கொள்ள இடமிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே ஷஅபான் மாதம்வரை பிற்படுத்தி நோற்றிருக்கிறார்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில், பசி மிகுந்து உடம்பு கனத்திருக்கும்போது களா நோற்று வருந்துவதைவிட, குளித்துச் சுத்தமான பிறகு நாலைந்து நாள் நன்றாக உண்டு தேறி, அதை அடுத்து வரும் நாட்களில் நோற்பது பலருக்கு எளிதாக இருக்கும். அவரவர் உடம்பின் கணக்கைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

மாதந்தோறும் வந்து தானே அடங்கும் பசிக்கு மருந்து வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றைத் தள்ளிப்போடலாகாது. மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கொரு முறை துணி மாற்றும்படி போக்கு மிகுந்தாலோ, படியேறினால் மூச்சிரைத்து முகம் வெளுத்திருந்தாலோ காட்ட வேண்டும். உணவைக் குறைத்து உடம்பு மெலிந்து மாதவிடாயே நின்றுபோனாலும் காட்ட வேண்டும். மறைவில் அளவின்றி உண்டு அதைத் தானே வாந்தியெடுக்கும் பழக்கம் ஒரு நோய். அதைக் கண்டால் கோபம் வேண்டாம், சிகிச்சை வேண்டும்.

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பசி மாற்றத்தோடு கடுமையான சினமும் அழுகையும் வாழ்வே வேண்டாமென்ற எண்ணமும் மாதந்தோறும் வருகின்ற பெண்களும் உண்டு. 2013ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதனைத் தனியொரு நோயாகவே ஏற்று, அதன் அறிகுறிகளில் மிகுதியாக உண்பதையும் சேர்த்திருக்கிறது. இதற்கு மருந்து இருக்கிறது. தாயத்தும் ஏச்சும் இதைத் தீர்ப்பதில்லை.

சகோதரிகளே, நாட்காட்டியில் மாதவிடாய் வந்த தேதியைக் குறித்து வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இனி அத்தேதிக்கு முந்தைய பத்து நாட்களுக்கும் ஒரு சிறு கோடு இடுங்கள். உங்களுக்காகவும் இடுங்கள், உங்கள் மகளுக்காகவும் மருமகளுக்காகவும் இடுங்கள். அந்தக் கோட்டைக் கண்டால் உலையில் ஒரு பிடி அரிசி கூட்டிப் போடுங்கள். ஏச்சில் ஒன்றைக் குறையுங்கள். மருமகள் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால் மாமியார் அத்தட்டைப் பார்க்காதிருப்பதும் ஒரு தர்மமே. நம் பிள்ளைகளுக்கு நிறைந்த ஆரோக்கியத்தையும், அவர்கள் பசியறிந்து பரிமாறும் நல்ல மனத்தை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.